இறாலும் நண்டும் போக, கடலில் இன்னும் யார் யார்?

கேள்வி இதுதான்: "ஓட்டுடலிகள் என்றதும் இறால், நண்டு, சிங்கி இறால் மூன்றுதான் நினைவுக்கு வருகின்றன. கடலில் வேறு என்னென்ன உண்டு? அவையெல்லாம் இல்லாமல் போனால் கடலுக்கு அப்படி என்ன குறைந்துவிடும்?"

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நண்டும் சிங்கி இறாலும் மறைந்தால் கரையோரமும் பவளப்பாறையும் கடலடிச் சேறும் வெகுவாகக் கலைந்துபோகும். ஆனாலும் பல இடங்களில் வேறு உயிர்கள் மெல்ல அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். அரிசி மணியைவிடச் சிறிய கோபிபாடுகளும் இறாலைப்போன்ற விரல் நீளக் கிரில்களும் ஓட்டுடலிகள்தான்; அவை மறைந்தால் கதையே வேறு. திறந்த கடலில் மீன், பறவை, திமிங்கிலம் எல்லாமே பட்டினிதான். நமக்குப் பெயர் தெரிந்த ஓட்டுடலிகள் ஒரு மூலையில் இருப்பவை. கடலின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்ப்பவை பெயர் தெரியாதவை. அதனால் இந்தப் பதிலில் நண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இடம் கிடைக்கும்.

கிரஸ்டேஷியன்கள் என்று அறிவியலில் அழைக்கப்படும் இந்தக் கூட்டத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 60,000க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கடலில் வாழ்கின்றன. தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள், கைட்டினால் ஆன வெளி ஓடு, வளர வேண்டுமென்றால் அந்த ஓட்டை உரித்துப்போட்டே ஆக வேண்டிய கட்டாயம், இவை பொதுவான அடையாளங்கள். நண்டு போன்றவற்றில் ஓட்டில் சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டியாகிறது. குதிரைலாட நண்டு இந்தக் கூட்டத்தில் சேராது. பெயரில் நண்டு இருந்தாலும் அது சிலந்தி, தேள் பக்கத்து உறவு. மாறாக, எறும்பும் வண்ணத்துப்பூச்சியும் சேரும்! பூச்சிகள் ஓட்டுடலிகளின் வம்சத்துக்கு உள்ளிருந்தே கிளைத்து நிலத்துக்குப் போனவை என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. பூச்சிகளுக்கு மிக நெருங்கிய கடல் உறவாக மரபணு ஆய்வுகள் காட்டுவது ரெமிபீடியா என்ற விசித்திரக் கூட்டத்தை. 1979இல் பஹாமாஸ் தீவுகளில், நீர் நிறைந்த ஒரு குகைக்குள் முதன்முதலாக உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. கண் இல்லை, நிறம் இல்லை, பூரானைப்போல வரிசையாகக் கால்கள், மல்லாந்து நீந்தும் பழக்கம். அதில் ஒரு இனத்துக்கு விஷமும் உண்டு என்று 2013இல் தெரியவந்தது.

ஒரே கூட்டத்தில் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? என்னைக் கேட்டால் கால்களைப் பார்க்கச் சொல்வேன். ஓட்டுடலியின் உடல் கண்டம் கண்டமாக அமைந்தது. கண்டத்துக்கு ஒரு ஜோடி கால் என்பது அடிப்படைத் திட்டம். அந்த ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சிங்கி இறாலை எடுத்து எண்ணினால் 19 ஜோடி உறுப்புகள் வரும். மோந்து பார்க்க இரண்டு ஜோடி, மெல்லவும் உணவைத் திருப்பிப் பிடிக்கவும் ஆறு ஜோடி, நடக்க ஐந்து, வயிற்றுக்கு அடியில் துடுப்பாகவும் பெண்களில் முட்டை சுமக்கவும் ஐந்து, கடைசியில் வால் விசிறிக்கு ஒன்று. தாடையும் ஒரு காலத்தில் கால்தான். பரிணாமம் எந்த ஜோடியைச் சீப்பாக்கியது, எதைச் சுத்தியலாக்கியது, எதை வேராக்கியது என்று பார்த்தாலே அந்த விலங்கின் பிழைப்பு புரிந்துவிடும்.

வேரா என்று கேட்கலாம். கொட்டலசைப் பாருங்கள். பாறையிலும் கப்பலடியிலும் வெள்ளைக் கூம்பாக ஒட்டிக்கிடக்கும் அதை வெகுகாலம் சிப்பி, நத்தை இனம் என்றே நினைத்தார்கள். கியூவியே என்ற பிரெஞ்சு விலங்கியல் மேதையும் அங்கேதான் வைத்தார். ஜான் வாகன் தாம்சன் என்ற ராணுவ மருத்துவர் அதன் லார்வாக்களைக் கவனித்து, அவை நீந்தித் திரிந்து, பிறகு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறுவதை 1830இல் வெளியிட்டார். லார்வா அசல் ஓட்டுடலி. வளர்ந்ததும் தன் உணர்கொம்பிலிருந்து சுரக்கும் பசையால் தலையைப் பாறையில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் வாழ்நாள் முழுவதும் தலைகீழாகக் கிடந்து, கால்களை வெளியே நீட்டித் தண்ணீரைத் துழாவிச் சாப்பிடுகிறது. டார்வின் 1846 முதல் எட்டு ஆண்டுகள் இந்தக் கொட்டலசுகளோடு மல்லுக்கட்டினார். பரிணாமக் கோட்பாட்டை வெளியிடுவதற்கு முன் அவர் வீணாக்கிய காலம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு இனத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதைத் தன் கையாலேயே அறுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது.

கொட்டலசுக்கு ஒரு கொடூரமான உறவு உண்டு, பெயர் சாக்குலினா. அதன் பெண் லார்வா ஒரு நண்டின் மேல் இறங்கித் தன் உயிரணுக்களின் ஒரு சிறு தொகுதியை மட்டும் உள்ளே செலுத்துகிறது. அது நண்டின் உடலெங்கும் வேர் வேராகப் பரவுகிறது. பிறகு நண்டு முட்டை சுமக்கும் அதே இடத்தில், வயிற்று மடிப்புக்கு அடியில், ஒரு பையாக வெளியே வருகிறது. நண்டு மலடாகிறது. ஒட்டுண்ணியின் முட்டைகளைத் தன் முட்டைகள் என்று நம்பி, தேய்த்துச் சுத்தம் செய்து பேணுகிறது. ஆண் நண்டில் புகுந்தால் அதன் வயிற்று மடிப்பே பெண்ணைப்போல அகன்று, அதுவும் செவிலி வேலை பார்க்கத் தொடங்குகிறது. வளர்ந்த சாக்குலினாவில் கால் இல்லை, கண்டம் இல்லை, வாய்கூட இல்லை. இது ஓட்டுடலிதான் என்று காட்டிக்கொடுத்தது அதன் லார்வா.

இந்த லார்வா விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பல ஓட்டுடலிகள் மூன்று ஜோடிக் கால்களும் நடுவில் ஒற்றைக் கண்ணும் கொண்ட நாப்ளியஸ் லார்வாவாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. நண்டு பொதுவாக அந்தக் கட்டத்தை முட்டைக்குள்ளேயே முடித்துவிட்டு, நெற்றியில் முள் நீட்டிய சோயியாவாக வெளியே வரும். சோயியாவைத் தனி விலங்கு என்று நினைத்துத் தனிப்பெயர் வைத்திருந்த காலமும் உண்டு; அது நண்டாக மாறுகிறது என்று காட்டியவரும் அதே தாம்சன்தான். சிங்கி இறாலின் ஃபிலோசோமா லார்வா கண்ணாடித் தகடுபோலத் தட்டையாக, மாதக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஆகவே கடலடியில் நடக்கும் நண்டும் பாறையில் ஒட்டிய கொட்டலசும்கூட, குழந்தைப் பருவத்தில் மேல்மட்ட நீரில் மிதந்து, கோடிக்கணக்கில் மற்றவற்றுக்கு இரையாகின்றன. தப்பிக்கும் சிலதான் நம் கண்ணில் படுகின்றன.

சரி, இனி கோபிபாடுகளுக்கு வருவோம்.

பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர். கண்ணீர்த்துளி வடிவ உடல், உடலின் அளவுக்கே நீண்ட இரண்டு உணர்கொம்புகள். உலகிலேயே எண்ணிக்கையில் அதிகமான பல்லுயிரணு விலங்குகளின் வரிசையில் இவற்றுக்கு எப்போதும் இடம் உண்டு. இவை செய்யும் வேலை என்ன? உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில் நடக்கிறது. அதைச் செய்பவற்றில் பெரும்பகுதி மரமோ பாசிக்கொடியோ அல்ல, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் ஆயிரத்தில் ஒரு பங்குமான ஒற்றையணு உயிர்கள். ஒரு நெத்திலியோ ஹெர்ரிங் குஞ்சோ அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று பிழைக்க முடியாது. கோபிபாட் பொறுக்குகிறது. அதன் அளவில் தண்ணீர் நமக்குத் தெரிவதைப்போல ஓடுவதில்லை, பிசுபிசுவென்று ஒட்டும். வாய்ப்பகுதிக் கால்களால் அந்த நீரைத் தன் பக்கம் இழுத்து, அதில் வரும் ஓர் உயிரணுவை மணம் பிடித்து, வேண்டும் என்றால் பிடிக்கும், வேண்டாம் என்றால் விலக்கிவிடும். இப்படித் தின்று, கண்ணுக்குத் தெரியாத உணவை ஒரு மீன் குஞ்சால் பார்த்து விழுங்கக்கூடிய அளவுக்குத் திரட்டித் தருகிறது. குஞ்சு நெருங்கும்போது உணர்கொம்பில் அலை தட்டினால், ஒரு நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வேகத்தில் துள்ளி ஓடவும் தெரியும்.

வட அட்லாண்டிக்கில் வாழும் கலானஸ் ஃபின்மார்கிகஸ் என்ற கோபிபாட் இனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வசந்தகாலத்தில் நுண்பாசிகள் பெருகும்போது தின்று தின்று, உடலுக்குள் ஒரு நீண்ட பையில் மெழுகு கலந்த எண்ணெயைச் சேர்க்கிறது. அப்புறம் 500 மீட்டருக்கும் கீழே, பல இடங்களில் 1,000 மீட்டரையும் தாண்டி இறங்கி, குளிர்காலம் முழுவதும் ஏறக்குறைய உறங்கியே கழிக்கிறது. அந்த எண்ணெய்க்காகத்தான் ரைட் திமிங்கிலங்கள் அதைத் தேடி வருகின்றன. 15 மீட்டர் நீள விலங்கு அரிசி மணி அளவுள்ள ஒன்றைத் தின்று உடல் வளர்க்கிறது. 2010க்குப் பிறகு அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்து மெய்ன் வளைகுடா சூடானபோது அங்கே கலானஸ் குறைந்தது. திமிங்கிலங்கள் இரை தேடி வடக்கே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போயின. அங்கே அவற்றுக்கான பாதுகாப்பு ஏற்பாடு அப்போது இல்லை. கப்பல் மோதியும் மீன்பிடிக் கயிறுகளில் சிக்கியும் பல இறந்தன. 2017இல் மட்டும் கனடா, அமெரிக்கா இரண்டிலும் சேர்த்து 17 செத்துக் கிடந்தன. மொத்தமே சில நூறுதான் மிச்சம் இருக்கும் இனம் அது.

கோபிபாடுகள் இன்னொரு காரியமும் செய்கின்றன. பல இனங்கள் இரவில் மேலே வந்து மேய்ந்துவிட்டு, பார்த்துப் பிடிக்கும் மீன்களுக்குப் பயந்து விடிவதற்குள் ஆழத்துக்கு இறங்கிவிடும். கிரில், இறால், சிறு மீன்கள் என்று பலவும் இதில் சேர்ந்துகொள்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோனார் கருவிகள் நடுக்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு "தரை"யைக் காட்டின. இரவானால் அந்தத் தரை மேலே எழுந்தது. உயிர்களின் அடுக்கு அது. உலகில் தினமும் நடக்கும் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். மேலே தின்றதைக் கீழே போய்ச் சுவாசித்தும் கழித்தும் விடுவதால், காற்றிலிருந்து கடல் எடுத்த கார்பனின் ஒரு பங்கு இப்படி ஆழத்துக்குப் போகிறது. இறுக்கமாகத் திரண்ட இவற்றின் எச்சமும் தனி உயிரணுக்களைவிட வேகமாக மூழ்குகிறது. குளிர்காலத்தில் கலானஸ் சுமந்து இறங்கும் எண்ணெயும் அதே கணக்கில் சேரும்.

கிரில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. 80க்கும் மேற்பட்ட கிரில் இனங்கள் இருந்தாலும் எல்லோரும் பேசுவது அண்டார்டிக் கிரில்லைப் பற்றித்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. 6 சென்டிமீட்டர் நீளம், 1 அல்லது 2 கிராம் எடை. மொத்த எடை 30 கோடி முதல் 50 கோடி டன் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மனிதர்கள் அத்தனை பேரையும் தராசில் நிறுத்தினால் வரும் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு கன மீட்டர் நீரில் 10,000க்கும் மேல் திரளும். முன்கால்களில் உள்ள நுண்மயிர்கள் கூடைபோல விரிந்து பாசியை வடிகட்டும்; குளிர்காலத்தில் அதே கால்களால் கடற்பனியின் அடிப்பகுதியில் வளர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். உணவு கிடைக்காவிட்டால் ஓடு உரிக்கும்போது உடலையே சிறிதாக்கிக்கொள்கிறது. அதனால் அளவைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது. நீலத்திமிங்கிலம் முதல் பென்குயின் வரை இதை நம்பியே இருக்கின்றன. 'நண்டுதின்னி' என்று பெயர் வாங்கிய சீல் தின்பதுகூட நண்டை அல்ல, கிரில்லைத்தான். தண்ணீரை வெளியேற்றிக் கிரில்லை மட்டும் நிறுத்திக்கொள்ள அதன் பற்களே சல்லடையாக மாறியிருக்கின்றன.

இங்கே ஒரு புதிர் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. தின்பவர் குறைந்தால் கிரில் பெருக வேண்டும் அல்லவா? எதிர்பார்த்த அளவுக்குப் பெருகவில்லை. இதற்கு அதிகம் பேசப்படும் விளக்கம் இரும்பு. தென் பெருங்கடலில் பாசி வளர இரும்புச்சத்து போதாது. திமிங்கிலம் ஆழத்தில் கிரில்லைத் தின்று மேலே வந்து கழிக்கும்போது, கிரில் உடலில் இருந்த இரும்பு மீண்டும் மேல்மட்டத்துக்கு வருகிறது, பாசி வளர்கிறது, கிரில் தின்கிறது. திமிங்கிலம் போனதும் அந்தச் சுழற்சியும் தளர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கிரில் பிடிப்பை 1982இல் நடைமுறைக்கு வந்த ஒரு சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. மொத்த இருப்போடு ஒப்பிட்டால் பிடிப்பு மிகச் சிறிது என்று மீன்பிடித் தரப்பு சொல்வது உண்மைதான். ஆனால் கப்பல்கள் போவது பென்குயினும் திமிங்கிலமும் இரை தேடும் அதே அண்டார்டிக் தீபகற்ப ஓரங்களுக்கு. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது என்பது என் கருத்து.

பவளப்பாறைக்குப் போனால் வேறு உலகம். அங்கே நீருக்குள் காது வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பதைப்போல ஓயாத சடசடப்பு கேட்கும். பிஸ்டல் இறால்களின் சத்தம். ஒரு கொடுக்கைப் பெரிதாக்கி அதைப் படாரென்று மூடுகின்றன. கொடுக்கு மோதும் சத்தம் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். மூடும் வேகத்தில் பீறிடும் நீரில் ஒரு குமிழி உருவாகி உடைவதால் வரும் சத்தம் அது என்று 2000இல் தெரிந்தது. உடையும் கணத்தில் அந்தக் குமிழிக்குள் வெப்பம் 5,000 கெல்வினை எட்டுகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளியும் வருகிறது. இரை அதிர்ச்சியில் விழுந்துவிடும். இந்த இரைச்சல் வெறும் பக்கவிளைவும் அல்ல. திறந்த கடலில் திரியும் மீன் குஞ்சுகள் பவளப்பாறையின் ஓசையைக் கேட்டு அந்தப் பக்கம் வருகின்றன என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன. இதே குடும்பத்தில் சினால்ஃபியஸ் ரிகாலிஸ் என்ற இனம் கடற்பஞ்சுக்குள் தேனீக்கூட்டம்போல வாழ்கிறது. ஒரே ராணி, மற்றவை காவல். 1996இல் இது வெளியானபோது, கடலில் இப்படி ஒரு சமூக வாழ்க்கை கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை.

பவளக் கிளைகளுக்குள் குடியிருக்கும் டிரபீசியா நண்டுகள் விரல்நுனி அளவுதான். முட்கிரீட நட்சத்திர மீன் பவளத்தைத் தின்ன வந்தால் அதன் குழாய்க்கால்களைக் கடித்து விரட்டும். வீட்டு வாடகை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாண்டிஸ் இறால் இன்னொரு சண்டைக்காரர். ஒரு ஜோடிக் காலைச் சுத்தியலாக்கிக்கொண்டு, நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்து நத்தை ஓட்டை உடைக்கும். அதன் கண்ணில் 12 வகை நிற உணரிகள் இருப்பதால் நம்மால் கற்பனை செய்ய முடியாத நிறங்களை அது பார்க்கிறது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 2014இல் சோதித்துப் பார்த்தபோது, நெருக்கமான இரண்டு நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மோசம் என்று தெரிந்தது. ஒப்பிட்டு யோசிக்காமல், பார்த்தவுடன் நிறத்தை அடையாளம் காணும் ஏற்பாடாக இருக்கலாம்.

ஆழ்கடலில் ஓட்டுடலிகள் துப்புரவுப் படை. மேலிருந்து செத்து விழும் எதையும் முதலில் மோப்பம் பிடித்து வருபவற்றில் இறாலைப்போன்ற சிறு ஓட்டுடலிகளான ஆம்பிபாடுகள் முக்கியமானவை. பசிபிக்கின் மரியானா அகழியில் உள்ள, கடலின் மிக ஆழமான இடமான சேலஞ்சர் பள்ளத்தில், ஏறக்குறைய 11 கிலோமீட்டர் கீழே, ஹிரோண்டெலியா கைகாஸ் என்ற ஆம்பிபாட் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. மரத்துண்டு, இலை போன்ற தாவரக் கழிவைச் சர்க்கரையாக்கும் நொதிகள்கூட அதனிடம் உண்டு. மரியானா அகழியில் கிடைத்த இன்னொரு புதிய ஆம்பிபாடுக்கு 2020இல் யூரிதெனிஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள், குடலுக்குள் பிளாஸ்டிக் இழை இருந்ததால். ராட்சத ஐசோபாட் பாத்தினோமஸ் 1879இல் விவரிக்கப்பட்டது. நிலத்தில் ஈரமான இடங்களில் வாழும் மரப்பேனின் உறவுக்காரர், ஆனால் அரை மீட்டர் வரை வளரும். ஜப்பானின் டோபா மீன்காட்சியகத்தில் இருந்த ஒன்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எதுவும் சாப்பிடாமல் கிடந்து 2014இல் இறந்தது. எரிமலை வெந்நீர் ஊற்றுகளிலோ இரை விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அங்குள்ள ரிமிகாரிஸ் இறால் தன் செவுள் அறையிலும், 2005இல் கண்டறியப்பட்ட யெட்டி நண்டு தன் கால் மயிரிலும் பாக்டீரியாவை வளர்த்துக்கொள்கின்றன.

கரையோரச் சேற்றில் நண்டுகள் தோண்டும் வளைகள் மண்ணுக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோகின்றன, உதிர்ந்த இலைகளை இழுத்துப் புதைக்கின்றன. சதுப்புநிலக் காடுகள் நன்றாக இருப்பதில் இதற்கு நேரடிப் பங்கு உண்டு.

கடைசியாக, "இல்லாமல் போனால்" என்ற கேள்வி. முழுதாக இல்லாமல் போக வேண்டியதே இல்லை, ஒன்று போய் இன்னொன்று வந்தாலே போதும். பெரிங் கடலில் 2018க்குப் பிறகு கடல் சூடானபோது பனி நண்டுகள் சுமார் 1,000 கோடி காணாமல் போயின. வெப்பத்தில் பசி கூடி, இரை போதாமல் செத்தன என்பதே ஆய்வாளர்களின் முடிவு. 2022இல் அலாஸ்காவில் அந்த நண்டுப் பிடிப்பு முதன்முறையாக மூடப்பட்டது. இது செய்தியில் வந்தது, நண்டு என்பதால். அதைவிடப் பெரிய மாற்றம் பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலில் ஓசையில்லாமல் நடந்தது. கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சேகரிக்கும் பதிவுக்கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் இழுத்துச் செல்கின்றன. அந்தப் பதிவுகளைப் பார்த்தால், 1960க்கும் 1999க்கும் இடையில் வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய கோபிபாட் இனங்கள் அட்லாண்டிக்கின் கிழக்கு ஓரத்தில் சுமார் 10 பாகை வடக்கே நகர்ந்திருக்கின்றன. வடகடலில் கலானஸ் ஃபின்மார்கிகஸ் குறைந்து, பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் அதன் இடத்தைப் பிடித்தது. காட் மீன் குஞ்சுகள் முட்டை பொரித்து வரும் வசந்தகாலத்தில் முதல் இனம் ஏராளமாக இருந்தது. இரண்டாவது இனம் பெருகுவது இலையுதிர்காலத்தில். ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுத் தள்ளாடிக்கொண்டிருந்த காட் மீனுக்கு, குஞ்சுகள் வாய் திறக்கும் மாதங்களில் இரையும் இல்லாமல் போனது.